ஆயாவுக்கு ஒரு சீட்

தலைக்கு டை அடிப்பதை நிறுத்தி மூன்று மாதமாகிறது. எனக்கு வயது ஐம்பத்து மூன்று.

இன்று காலை மாரண்டஹள்ளியில் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். கருகருவென்ற தலையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஆயா, நீங்க உக்காருங்க."

"பரவால்லைங்க. உங்களுக்கு எத்தன வயசாவுது?"

"அறுவத்தி ஒண்ணுங்க ஆயா."

என்னைவிட எட்டு வயது மூத்தவர். உண்மையைச் சொன்னால் நிற்க வேண்டியிருக்கும். முட்டி வேறு வலித்தது. உட்கார்ந்துகொண்டேன்.

பாலக்கோடு வரை கம்பியைப் பிடித்து நின்றபடியே எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார்.

"தல நரச்சா என்னங்க ஆயா? மனசு அழகா இருந்தா போதும்."

"ஆமா கண்ணு" என்றேன்.

அவர் மனசு அழகுதான். என்னுடையதற்கு அடிக்க நல்ல டை ஏதாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.