உருண்டை கிடைக்காத பாதி

பேரிகைப் பக்கம் தக்காளித் தோட்டங்களில் இருபது வருஷம் கூலி வேலை பார்த்தவள் செல்லி. இப்போது ஓசூரை ஒட்டிய ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறாள். எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை.

பெங்களூரிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு அங்கே வந்தது. உழைக்கும் பெண்களின் சாப்பாடு, நடை, உடல்நலம் பற்றி ஆறு மாத ஆய்வு. பொறுப்பில் இருந்தவள் மோகனப்ரியா என்ற இளம்பெண். அறுபது பேரிடம் ரத்தம் எடுத்து, கையெழுத்து வாங்கி, இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தினமும் கேழ்வரகு உருண்டையும் இரும்புச்சத்து மாத்திரையும். மறுபாதிக்கு வெறும் கேள்விகள்: என்ன சாப்பிட்டாய், எவ்வளவு நடந்தாய். செல்லி மறுபாதியில் விழுந்தாள்.

பக்கத்து மேசை காவியா ஒருநாள் தன் உருண்டையில் பாதியைக் கொடுத்தாள். மோகனப்ரியா பார்த்துவிட்டாள்.

“பங்கு போடாதீங்கக்கா. ரிசல்ட் தப்பாயிடும்.”

“அரை உருண்டையிலயா மேடம்?”

“வித்தியாசம் தெரியணும்னுதான இப்பிடிப் பிரிச்சிருக்கோம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றிலிருந்து அந்தச் சிரிப்பைக் கண்டாலே செல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்காம் மாதம் படி ஏறினால் மூச்சு இரைத்தது. ஆய்வுக் குழுவினர் கேட்டபோது சொன்னாள், எழுதிக்கொண்டு போனார்கள். ஐந்தாம் மாதம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மயங்கி விழுந்தாள். நெற்றியில் மூன்று தையல்.

கடைசி ரத்தப் பரிசோதனை கேன்டீனில் நடந்தது. செல்லி கையை நீட்டியபோது லேப் ஆள் அவளுடைய தாளைப் புரட்டிவிட்டு மோகனப்ரியாவிடம் கன்னடத்தில் முணுமுணுத்தான். “மொதல்னே டெஸ்ட்டல்லே ஏளு இத்து. யாரூ ஹேளில்ல.”

ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் முதல் பரிசோதனையிலேயே ஏழு. யாரும் சொல்லவில்லை. தோட்டத்து முதலாளிகளிடம் பேசிப் பழகிய கன்னடம் செல்லிக்கு நன்றாகவே தெரியும்.

“யாக்கே ஹேளில்ல?” ஏன் சொல்லவில்லை என்று அதே கன்னடத்தில் கேட்டாள்.

இருவரும் நிமிர்ந்தார்கள். மோகனப்ரியாவுக்கு முகம் வெளுத்தது. “முடிவுலதான் ரிப்போர்ட் கொடுக்கிறதா இருந்தோம்க்கா. நடுவுல சொன்னா நீங்க மாத்திரை போட்டுக்குவீங்க, அப்புறம்...”

“அப்புறம் உன் ஆராய்ச்சி கெட்டுப்போவும். ரத்தம் பாதிதான் இருக்குன்னு தெரிஞ்சே தெனமும் என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிருக்க.”

‘மேடம்’ ‘நீ’யாகிவிட்டதைச் சுற்றி நின்றவர்கள் கவனித்தார்கள். செல்லி கையை இழுத்துக்கொண்டாள். தன் தாளை மேசையிலிருந்து எடுத்து மடித்தாள்.

“அது எங்க ரெக்கார்டுக்கா, தர முடியாது.”

“ரத்தம் என்னுது.”

பின்னால் நின்ற காவியாவும் வரிசையை விட்டு விலகினாள். அன்று அறுபது பேரில் ஒன்பது பேர்தான் ரத்தம் கொடுத்தார்கள்.

கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் படுத்திருந்து செல்லி மருந்து ஏற்றிக்கொண்டாள். நான்காம் நாள் மோகனப்ரியா பழப்பையோடு வந்து கட்டிலருகே நின்றாள். ஆய்வை நிறுத்தி விசாரணை வைத்திருக்கிறார்களாம்.

“புகார் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்கக்கா. பெரியவங்க சொன்னதத்தான் செஞ்சேன்.”

“வாய் உன்னுதுதான? பையை எடுத்துட்டுப் போ.”

விசாரணைக்கு வந்தவர்களிடம் செல்லி ஒன்று விடாமல் சொன்னாள், தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை. பெரியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள், மோகனப்ரியாவின் வேலை போனது. காவியா அதைச் சொல்லி, பாவம் என்றாள்.

“யாரு பாவம்?” என்று கேட்டுவிட்டு, செல்லி அடுத்த பெட்டியை ஒட்டினாள்.