கறை அக்காவும் கேள்விக்கார அம்மாவும்

அந்த டிரை கிளீனிங் கடையில் யார் என்ன துணியைக் கொண்டுவந்து போட்டாலும், அங்கே கறை எடுக்கிற வேலை பார்க்கும் கறை அக்கா முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது என்ன கறை?" கேட்டதும் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். காப்பி என்பார்கள், முகர்ந்தால் ஒயின் வாடை அடிக்கும். "தெரியலையே, தானா வந்துச்சு" என்பார்கள், காலரில் உதட்டுச்சாயம் பல்லைக் காட்டும். அக்காவுக்கு அவர்கள் குடும்பக் கதை வேண்டாம். பொய்யை நம்பித் தப்பான மருந்தைப் போட்டால் கறை துணியோடு குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிடும், அப்புறம் கிளம்பாது. அதனால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்: "பொய்யைத் துவைக்க எங்ககிட்ட மெஷின் இல்லைங்க."

அப்படிப்பட்டவளுக்கும் ஒரு இக்கட்டு வந்தது. கடை முதலாளிக்கு முட்டி இரண்டும் தேய்ந்துபோய், மகள் வீட்டோடு போய் இருக்க முடிவு பண்ணிவிட்டார்.

"கடையை நீயே எடுத்து நடத்தும்மா. ஆனா திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடு. எதிர்த்த கடைக்காரன் கண்ணு வெச்சிருக்கான்."

"யோசிச்சுச் சொல்றேன் முதலாளி" என்றாள். யோசித்த யோசனையில் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, அதற்கு அடுத்த நாள் விழவே இல்லை.

தங்கைக்காரிக்குப் பெரிய கம்பெனியில் வேலை. போனில் சொன்னாள், "ஒரு லைஃப் கோச்சைப் பாருக்கா. எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் வெச்சிருக்காங்க."

"கோச்சுன்னா பந்தாட்டத்துக்குத்தானேடி?"

"இது வாழ்க்கைக்கு."

"நான் சமைக்கிறப்ப பக்கத்துல நின்னு விசில் ஊதுவாங்களா?"

"முதல் சந்திப்பு சும்மாதான். போய்ப் பாத்துட்டு அப்புறம் திட்டு."

சும்மா என்றால் அக்கா எங்கேயும் போவாள். பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் ஒரு அறை. இரண்டு நாற்காலி, ஒரு செடி, அழுகிறவர்களுக்காக ஒரு பெட்டி டிஷ்யூ. கீழே யாருக்கோ பல்லைக் குடையும் சத்தம். கோச் அம்மாவுக்கும் ஏறக்குறைய அக்காவின் வயதுதான். கோட்டுக் கையில் பேனா மை. கை பரபரத்தது அக்காவுக்கு, அடக்கிக்கொண்டாள்.

"நான் டாக்டர் இல்லைங்க" என்று அந்தம்மா ஆரம்பித்தார். "மனசு ரொம்ப ஒடிஞ்சு கிடந்தா அதுக்குப் படிச்சவங்ககிட்ட நானே அனுப்பிடுவேன். கணக்கு வழக்கு புரியலைன்னா கணக்கு பாக்குறவங்க இருக்காங்க. நான் கேள்வி கேப்பேன். முடிவு உங்களோடது. எடுத்த முடிவை நடத்துறீங்களான்னு அடுத்த வாட்டியும் கேப்பேன்."

"அப்ப இதைச் செய், அதைச் செய்யாதேன்னு ஒண்ணும் சொல்ல மாட்டீங்க?"

"மாட்டேன்."

"அதுக்கு எங்க வீட்டுக்காரரே போதுமே. எதைக் கேட்டாலும் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

அந்தம்மா சிரித்தார். அக்கா விடவில்லை. "இதுக்கு லைசென்சு கிய்சென்சு உண்டா?"

"கட்டாயம்னு எதுவும் இல்ல. யாரு வேணா போர்டு மாட்டலாம். அதனால எங்க படிச்சேன்னு கேளுங்க. ஏற்கெனவே என்கிட்ட வந்தவங்க ரெண்டு பேரோட பேசிப் பாருங்க. ஒத்துவரலைன்னா நடுவுல நிறுத்திக்கலாம்."

வாயைத் திறந்தாலே தன் சரக்கில் உள்ள ஓட்டையைக் காட்டுகிற வியாபாரியை அக்கா பார்த்ததில்லை. கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

"சரி, கடையை எடுக்க உங்களை எது தடுக்குது?"

"நேரம் பத்தாதுங்க."

"நேரம் கிடைச்சா எடுத்துடுவீங்களா?"

"இல்ல… இடுப்பு வலி."

"அது சரியாப் போனா?"

"எனக்கு அவ்வளவு படிப்பு கிடையாது."

அந்தம்மா மூன்றையும் நோட்டில் வரிசையாக எழுதினார். கீழே மெஷின் பல்லைக் குடைந்தது. அக்காவுக்குச் சுருக்கென்றது. காப்பி, காப்பி, காப்பி. வாடிக்கையாளர்களின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கிறவள், தானே கவுண்டருக்கு அந்தப்பக்கம் நின்று புளுகிக்கொண்டிருக்கிறாள்.

"எங்க வீட்டுக்காரர் அதே கடையிலதாங்க இஸ்திரி போடுறார்" என்றாள்.

"ம்."

"கடை என் கைக்கு வந்தா, மேசையை விட்டு முதல்ல எடுக்க வேண்டிய ஆளு அவருதான்."

ஒரு சட்டையைத் தேய்க்கிற நேரத்தில் அவர் தெருவில் போகிற நான்கு பேரைக் கூப்பிட்டுக் குசலம் விசாரிப்பார். இஸ்திரிப் பெட்டி அது பாட்டுக்குத் துணிமேல் உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டுத் தழும்பையெல்லாம் முதலாளி கண்ணில் படாமல் ஆற்றிவைப்பது அக்காவின் இன்னொரு உத்தியோகம்.

"இதை அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"சொல்லிட்டு நான் எங்கங்க போய் இருக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவும்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கடையை எடுக்கலாம்னு இருக்கேங்க."

"எடு. யாரு வேணாம்னா?"

"எடுத்தா உங்களை இஸ்திரி மேசையில வெச்சுக்க முடியாது."

தட்டு அப்படியே கையில் நின்றது. "என்னையா? அந்தக் கல்யாணக் கோட்டு கருகினதைச் சொல்றியா? அது பெட்டிக் கோளாறு!"

"எந்தப் பெட்டியும் உங்க கையிலதாங்க கோளாறாகுது."

கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். செருப்பை மறந்துவிட்டதால் திரும்பி வந்தார். மாட்டிக்கொண்டு, கதவை இன்னொரு தடவை அறைந்தார்.

சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். "அப்ப என்னை வீட்டுக்கு அனுப்பிடுவ."

"கவுண்டருக்கு அனுப்புவேன். என்கிட்ட பொய் சொல்றவங்க எல்லாம் உங்ககிட்ட மூச்சுவிடாம உண்மையைக் கொட்டுறாங்க. அங்க பேச்சுதாங்க வேலையே."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மூக்கை விடைத்துக்கொண்டு.

"திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. அக்கா காத்திருக்கவும் இல்லை, காலையில் முதலாளியிடம் சரி என்றுவிட்டாள். தங்கைக்கு போன் போட்டு, அந்தக் கோச் அம்மாவையும் மூன்று மாதத்துக்கு வைத்துப் பார்க்கப்போவதாகச் சொன்னாள்.

"முடிவுதான் எடுத்தாச்சேக்கா! இப்ப எதுக்கு?"

"கடையில இருக்கிற எல்லாரும் இனிமே என் ஆளுங்க. வீட்டுக்கு வந்தா அங்கயும் என் ஆளு. நான் கோணலாப் போனா, ஏன் போறேன்னு கேக்க வெளியில ஒருத்தர் வேணாமா? அவங்ககிட்ட போன ரெண்டு பேரோடயும் பேசிட்டேன். ஒருத்தி புகழ்ந்தா, ஒருத்தி சுமார்தான்னா. சுமார்னவளைத்தான் நம்பினேன்."

கடை கைமாறிய முதல் நாள், வீட்டுக்காரர் மேசைப் பக்கம் போகாமல் நேரே கவுண்டரில் போய் நின்றார். ஒரு பெரிய மனிதர் வெள்ளைக் கோட்டை நீட்டிக் காப்பி என்றார். இவர் அந்தப் பெரிய மனிதரின் தோளில் கை போட்டு என்னவோ கேட்டார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"முதலாளி!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சிவப்பு ஒயினாம்! மாப்பிள்ளை வீட்டு விருந்துல!"

அக்கா மருந்துப் புட்டியை எடுத்தாள். கோட்டுக் கறை இருக்கட்டும், அது போய்விடும். அந்த 'முதலாளி'யில் இருந்தது கேலியா, கோபமா, இரண்டும் கலந்ததா என்று அவள் மூக்குக்கே பிடிபடவில்லை. கேள்விக்கார அம்மாவிடம் கொண்டுபோக முதல் உருப்படி கிடைத்தது.