பெருங்காயம் எத்தனை பெட்டி?

சுனாமிக்கு மறு வருடம். ராயபுரத்தில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, திருவொற்றியூரில் இருந்தவர்களுக்கு இன்டர்நெட் வழியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் நேரிலேயே போய்விடலாம். ஆனால் பெங்களூர்க் கம்பெனி ஒன்று, நான் இங்கே தட்டுகிற எழுத்து பெங்களூர் போய்த்தான் திருவொற்றியூருக்குத் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு, அதற்குச் சம்பளமும் கொடுத்தது. கப்பல் சரக்குக்கான காகித வேலைகள்தான் பாடம். துறைமுகத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருபது வருடம் அதே காகிதங்களில் சீல் குத்தியவன் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

மாணவர்கள் பத்துப் பேர். எல்லாரும் கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்டில் இருந்தவர்கள். கேட்டில் லாரி நம்பர் எழுதுவது, பெட்டி எண்ணுவது மாதிரி வேலை. இந்தப் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினால் ஆபீசுக்குள் நிரந்தர வேலை என்று யார்டில் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார, நான் சாட்டில் பாடத்தை அடித்து அனுப்புவேன். முகம், குரல் எதுவும் கிடையாது. தொடர்ந்து மூன்று வகுப்பில் எட்டுப் பேருக்குக் குறைந்தால் அந்த சென்டரில் வகுப்பையே மூடிவிடுவார்கள். அது கம்பெனி விதி.

மற்ற இடங்களில் அப்படித்தான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. என் வகுப்பில் மட்டும் பத்துக்குப் பத்து. ஒவ்வொரு பத்தி முடிவிலும் புரிந்ததா என்று கேட்பேன். ஒருவர் 'எஸ் சார்', ஒருவர் 'ஓகே சார்', இன்னொருவர் கஞ்சத்தனமாக 'எஸ்' என்று ஒற்றைச் சொல். ஒவ்வொருவரின் நடையிலும் தனித்தன்மை மிளிர்கிறது என்று பெங்களூருக்கு அறிக்கை அனுப்பினேன். மாணவர்களை நழுவாமல் வைத்திருப்பது எப்படி என்று மற்ற ஆசிரியர்களுக்காக நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஏழு பக்கம் எழுதினேன்.

பேக்கிங் லிஸ்ட் பாடம் வந்தது. பெட்டிக்குள் என்ன சரக்கு, எத்தனை, பெட்டியோடு சேர்த்து மொத்த எடை, அதாவது கிராஸ் வெயிட், என்ன என்று எழுதுகிற தாள். மாதிரி ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டு, வழக்கம்போல் புரிந்ததா என்றேன். பத்து எஸ் வந்தது. அப்புறம்தான் திரையைப் பார்த்தேன். நான் ஒட்டியிருந்தது, மனைவி சொல்லச் சொல்ல அடித்து வைத்திருந்த மளிகைப் பட்டியல். துவரம் பருப்பு ரெண்டு கிலோ, புளி ஒரு கிலோ, கட்டிப் பெருங்காயம். பத்துப் பேருக்கும் புரிந்திருந்தது.

காது சூடாகிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி வந்தது. "சார், பெருங்காயம் எத்தினி பெட்டி? கிராஸ் வெயிட்டும் போடல."

இரண்டு மாதத்தில் எனக்கு வந்த முதல் கேள்வி. சரியான கேள்வியும்கூட. ஒன்பது பேர் தூங்கிக்கொண்டே எஸ் போடுகிறார்கள், ஒருவர் மட்டும் விழித்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். விழித்திருப்பவரைப் பார்த்துவிட ஆசை. மறுநாள், பத்து நிமிடம் தாமதமாக வருவேன் என்று செய்தி போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

சென்டரில் நான்கு கம்ப்யூட்டர். நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைக் காலை உதைத்து உதைத்து ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்கு உருண்டுகொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேரின் பெயரில் சாட் திறந்திருந்தது. எல்லாம் என் மாணவர்களின் பெயர்கள்.

"இன்னா நைனா, சிஸ்டம் ஃப்ரீ இல்ல. வாத்தியாரு வர்ற டைமு" என்றார்.

வாத்தியார் எப்படி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நல்ல மன்சன்தான். ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. நடுவுல எதுனா கேட்டா பேஜாராயிடுவாரு. அதான், எஸ்ஸ போட்டுகினே இருக்கறது."

முதல் வாரம் யாரோ கேள்வி கேட்டபோது, கடைசியில் கேளுங்கள் என்று நான் அடித்ததும், எந்த வகுப்பிலும் அந்தக் கடைசி வராமலே போனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான்தான் அந்த வாத்தியார் என்றேன். நாற்காலி நின்றது.

ஷிப்ட் மாறியதில் மற்ற ஒன்பது பேரும் ஆறு மணிக்கு யார்டுக்குள் மாட்டிக்கொண்டார்களாம். வகுப்பை மூடிவிடக் கூடாதே என்று எல்லாருடைய பாஸ்வேர்டையும் வாங்கி, இவர் ஒருவரே பத்துப் பேராக உட்கார்ந்திருக்கிறார். பாடத்தைப் பிரின்ட் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூரில் இவர் வீட்டில் எல்லாரும் கூடிப் படிக்கிறார்கள். பைக்குள்ளிருந்து ஒரு ஃபைலை எடுத்து நீட்டினார். நான் அடித்த பாடங்கள். ஓரமெல்லாம் பலர் கையெழுத்தில் பென்சில் கேள்விகள். ஓரிடத்தில், 'இது வாத்தியாருக்கும் தெர்ல போல' என்று ஒருவர் எழுத, இரண்டு பேர் டிக் போட்டிருந்தார்கள். சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

"அவுங்கோ நெஜமாவே படிக்கிறாங்கோ சார். பொய்யி போட்டது நானு. என்னிய வோணா எட்த்துடு. கிளாஸ மூடிடாத" என்றார்.

வருகைப் பதிவில் பத்து என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. ஒன்று என்று எழுதினால் வகுப்பு போகலாம். கூடவே என் ஏழு பக்கமும் போகும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒன்று என்றே எழுதினேன். எனக்கே பதில் தெரியாத கேள்விகளும் இருந்த அந்தத் தாள்களை நகலெடுத்துச் சேர்த்து, வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. அந்த வாரம் முழுக்க அந்தப் பெண் தன் பெயரில் மட்டும் வந்தார். கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார்.

மூடாமல் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மாதம் நடத்திப் பார்க்கலாம் என்று பெங்களூர் சொன்னது. முதல் ஞாயிறு, நான்கு கம்ப்யூட்டரைச் சுற்றிப் பத்துப் பேர். எஸ் போடக் கூடாது, ஆளுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அடித்தேன். பாடத்தில் பாதிகூட நடத்த முடியவில்லை. பரீட்சையில் எட்டுப் பேர் முதல் தடவையிலும், மீதி இரண்டு பேர் அடுத்த தடவையிலும் தேறினார்கள். அந்தப் பெண் முதல் தடவையிலேயே தேறி, கேட்டை விட்டு ஆபீசுக்குள் போனார்.

இப்போதும் எங்காவது பேசப் போனால், கூட்டம் ஒழுங்காகத் தலையாட்டிக்கொண்டிருக்கும்வரை எனக்கு உள்ளுக்குள் உதறலாகத்தான் இருக்கிறது. யாராவது ஒருவர் எழுந்து, நீங்கள் சொல்வது சரியாக இல்லையே என்று குறுக்கிட்டால்தான், எதிரே ஆள் இருக்கிறது என்று தைரியம் வருகிறது.