விலகல் அறிவித்தல்

அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். சிங்கள மொழிச் சோதனை எழுத மறுத்ததால் பதவி உயர்வு கிடைக்காமலே வேலையை விட்டு வந்தார். பிறகு, தமிழுக்குச் சம இடம் கேட்ட ஒரு சின்னக் கட்சியில் சேர்ந்து உரும்பிராய்க் கிளைக்குச் செயலாளரானார். கிளை என்றால் எங்கள் வீட்டு விறாந்தைதான். சிங்களத்தில் மட்டும் வந்த அரசாங்கக் கடிதங்களைச் சனம் கொண்டுவரும். "தமிழில் அனுப்புக" என்று எழுதி அப்பா திருப்பி அனுப்புவார்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அந்தச் சனமும் வருவதில்லை. ஊர்ப் பெடியள் துவக்கு தூக்கி இயக்கங்களுக்குப் போய்விட்டார்கள். அரசிடம் கேட்டு வாங்கலாம் என்ற அப்பாவைப் போன்றவர்களைத் துரோகிகள் என்று மதில்களில் எழுதினார்கள்.

ஒரு காலை நான் படிப்பிக்கப் போக வெளிக்கிடும்போது இரண்டு பெடியள் சைக்கிளில் வந்தார்கள். ஒருவனுடைய சேட்டு இடுப்பில் புடைத்திருந்தது.

"ஐயா, கட்சியை விட்டிட்டன் எண்டு பேப்பரிலை போடுங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ளை."

"தம்பி, எங்கடை பாசையிலை கடிதம் கேட்டது பிழையோ?"

"கேட்டுக் கிடைச்சதோ ஐயா?"

அவர்கள் போனதும் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "போடுங்கோப்பா. எனக்கு நீங்கள் வேணும்."

அடுத்த நாள் கட்சியின் பருத்தித்துறைக் கிளைத் தலைவரைச் சுட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. சுட்டது யாரென்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அப்பா அறிவித்தலை எழுதித் தந்தார். பத்திரிகைக் கந்தோருக்குப் போகும் வழியில், பஸ்ஸில் அதை விரித்துப் படித்தேன். "கட்சியிலிருந்து விலகுகிறேன். என் மொழியில் என்னோடு பேசு என்று அரசைக் கேட்பதிலிருந்து விலகவில்லை." கடைசி வரியை வெட்டிவிடலாமோ என்று நினைத்தேன். ஆனாலும் அப்படியே கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அறிவித்தல் வந்தது. அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் மூவரும் வாசலைப் பார்த்தோம். பின்னேரம், அன்று இடுப்பில் சேட்டு புடைத்திருந்தவன் தனியாக வந்தான். அம்மா ஓடிப்போய் அப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"ஐயா, உந்தக் கடைசி வரி நாங்கள் கேக்கேல்லையே."

"ஓம். அது என்ரை."

அவன் சேட்டை இழுத்து இடுப்பை மூடினான். "இனி உந்த வரியைப் பற்றி வெளியிலை கதையாதேங்கோ," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான்.

ஏன் விட்டுவிட்டுப் போனான் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அதன்பிறகு சலூனுக்குக்கூட அம்மா அப்பாவைத் தனியே போக விடவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, ஊரே இடம்பெயர்ந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. நெரிசலில் பின்னாலிருந்து யாரோ ஓர் இளைஞன் "ஐயா!" என்று கூப்பிட்டான். அம்மாவின் நகங்கள் என் கையில் பதிந்தன. அப்பா மெதுவாகத் திரும்பினார்.

"தண்ணி வேணுமோ ஐயா?" என்று கேட்டான் அவன்.