பூஜ்ஜியம் காட்டிய புது மீட்டர்

பாலக்கோடு பக்கம் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் செய்கிறேன். கரண்ட் வருகிறதா என்று பார்க்க மற்ற மெக்கானிக்குகளிடம் முள் மீட்டர்தான். நான் மலிவாகக் கிடைத்ததென்று டிஜிட்டல் மீட்டர் வாங்கினேன். போன மாதம் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை. ஸ்டார்ட்டரைத் திறந்து மீட்டரை வைத்தேன். பூஜ்ஜியம்.

"கரண்ட் வரலீங்கக்கா" என்று தோட்டக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒயரைக் கழற்ற வெறுங்கையை நீட்டினேன்.

"இருங்க தம்பி! பக்கத்துக் காட்டு மோட்டாரு ஓடுதே, கேக்கலீங்களா? அதுவும் இதே லைன்தானுங்க!"

கை அப்படியே நின்றது. பையிலிருந்த டெஸ்ட் லேம்ப்பை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. மீட்டரின் ஒயரை வளைத்துப் பார்த்தேன். பிடிக்குள்ளேயே அறுந்திருந்தது.

இப்போது கடையில் மீட்டர் வாங்கும்போது அதன் எண்களில் மயங்குவதில்லை. முதலில் ஒயரைத்தான் வளைத்துப் பார்க்கிறேன். வேலையிடத்தில் பூஜ்ஜியம் காட்டினால், கையை நீட்டுமுன் பக்கத்துக் காட்டுக்குக் காது கொடுக்கிறேன்.