சத்தமில்லாமல் படம் விற்றவர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கனடாவுக்கு வந்து மொன்றியல் உணவகங்களில் கோப்பை கழுவி, இன்று பக்கத்து ஊரான லவாலில் சொந்தமாகத் தியேட்டர் வைத்திருக்கிறேன். முகத்தைப் பார்த்தே ஆளை அளந்துவிடுவேன். என்னிடம் தமிழ்ப் படம் விற்க வந்தவர்களில் டொரண்டோவிலிருந்து வரும் அந்த மெலிந்த சென்னைக்காரரைத்தான் மறக்க முடியவில்லை.

அவர் கதை சொல்லமாட்டார். கைபேசியில் டிரெய்லரைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, நடிகரின் முகத்தை மட்டும் காட்டுவார். "ஊமைப்பட காலத்துல தியேட்டர்காரங்ககிட்ட ஸ்டாரை இப்படித்தான் வித்தாங்க, ஐயா" என்பார்.

"நீங்கள் படம் பாத்தனீங்களோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"விக்கிற படத்தை நான் பாக்கறதே இல்லீங்க. பாத்தா என் முகம் காட்டிக் கொடுத்துடும்."

போன தீபாவளிக்கு ஒரு பெரிய நடிகரின் படத்தோடு குளிர் மழைக்குள் வந்தார். முகம் வாடிக் கிடந்தது.

"இதைப் பாத்திட்டீங்கள் போல."

"சின்ன வயசுலேருந்து அவர் ரசிகன், ஐயா. மனசு கேக்கல." தலையைக் குனிந்துகொண்டார்.

நடிகரின் பேருக்கே சனம் வரும் என்று படத்தை எடுத்தேன். முதல் காட்சி நிறைந்தது. முடிந்ததும் வாசலில் நின்று பார்த்தேன். வெளியே வந்த ஒவ்வொருவரும் சென்னைக்காரருடைய அந்த வாடிய முகத்தோடுதான் வந்தார்கள்.

பிறகு அவர் வரவேயில்லை. போனிலேயே அந்தப் படத்தை எனக்கு விற்றிருக்கலாம். அந்தக் குளிர் மழைக்குள் அவ்வளவு தூரம் கார் ஓடி, அந்த முகத்தை ஏன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்?