மனசுக்கு மாத்திரை

கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக நான் சேர்ந்தபோது, மனச்சோர்வுக்கான மாத்திரைக்கு அங்கே பல பெயர்கள் இருந்தன. நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை, சத்து மாத்திரை. பின்னால் நிற்பவருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கேட்பார்கள். பெண்களாவது நேரில் வந்தார்கள். ஆண்கள் மனைவியிடம் சீட்டைக் கொடுத்தனுப்பினார்கள். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள் கீழே சேந்தமங்கலத்துக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்சம் தேறியதும் பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள்.

மலைமேல் குண்டனி நாடு ஊராட்சியைச் சேர்ந்த அக்கா ஒருவரை அப்போதுதான் பார்த்தேன். மரவள்ளியும் மிளகும் போட்டிருந்த குடும்பம். அவருக்குத் துக்கம் எதுவும் நேர்ந்திருக்கவில்லை. நல்ல விளைச்சல், அன்பான கணவர். ஆனாலும் ஒரு காலையில் அவரால் பாயை விட்டு எழ முடியவில்லை. அதற்குப் பிறகும் முடியவில்லை. காத்து கருப்பு என்று ஊரில் சொன்னார்கள். கணவர் அதைக் காதில் வாங்காமல், மனைவி சரிந்துவிடாதபடி தன் இடுப்போடு துண்டால் கட்டி, பைக்கில் கூட்டிவந்தார். மாதம் ஒருமுறை மலைக்கு வரும் மனநல மருத்துவர் பார்த்து மருந்து எழுதினார்.

"சாப்பிட்ட உடனே கேக்காதுக்கா. சில வாரம் ஆகும். பொறுத்துக்கணும்" என்றேன்.

"பொறுத்துக்கறேன் கண்ணு" என்றார், உதடு மட்டும் அசைய.

பொறுத்தார், தெளிந்தார். பிறகு அவரும் தானாகவே நிறுத்தினார். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி படுத்துவிட்டார்.

திரும்ப வந்த அன்று வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண் அவரிடம் கேட்டார்: "ஏனுங்க அக்கா, உங்களுக்கும் சக்கரைங்களா?"

"சக்கரை இல்லீங்க. மனசுக்கு மாத்திரை. நல்லாயிட்டேன்னு நானா நிறுத்திப்போட்டேன், திரும்பப் படுக்க வெச்சிருச்சு. இந்தத் தடவை டாக்டர் சொன்னாத்தான் நிறுத்துவேன்."

சாதாரணக் குரல்தான். வரிசை முழுவதும் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "சிரிங்க சாமி. எந்திரிக்க முடியாமக் கெடந்தவளுக்குத்தான் அது தெரியும்."

மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. நான் வேலை பார்த்த எந்த ஊரிலும் அப்படி ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்த மாதம் தன் கொழுந்தனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். "தலைவலிக்குங்க" என்று முனகினார் அந்த மனிதர்.

"தலைவலி இல்லீங்க. சொல்லு சாமி, இவங்ககிட்டச் சொன்னா என்ன?" என்றார் அக்கா.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணும் புடிக்கலீங்க. காட்டுக்குப் போனா அழுகையா வருது."

அக்கா அவர் தோளில் கை வைத்தபடி மருத்துவர் அறைக்குக் கூட்டிப் போனார். கொழுந்தன் இப்போது தானாகவே வருகிறார். மாத்திரையின் பெயரைச் சொல்லியே கேட்கிறார்.

அக்காவுக்கு மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு நிறுத்திவிட்டார். போன வாரம் வாசலூர்பட்டி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"மறுபடி வந்துருமோன்னு பயமா இல்லையாக்கா?"

"வந்தா வாரேன் கண்ணு. மாத்திரை வெச்சிருப்பீல்ல?" என்று சிரித்தார்.